பாடக்குறிப்புக்கு ஏஐயிடம் எப்படிக் கேட்பது? நான்கு வழிகளும் ஒரு கல்லும்

சாட்ஜிபிடி 2022 நவம்பர் இறுதியில் வெளிவந்தபோது ஆசிரியர்கள் மத்தியில் எழுந்த கேள்வி, இதையெல்லாம் பயன்படுத்தலாமா என்பது. அந்தப் பேச்சு ஓய்ந்துவிட்டது. ஞாயிறு மாலை அடுத்த வாரத்துப் பாடக்குறிப்பை எழுத உட்காரும் பலர் கைபேசியில் ஏதோ ஒரு ஏஐயைத் திறந்து வைத்துக்கொண்டுதான் எழுதுகிறார்கள். இப்போதைய கேள்வி, அதனிடம் எப்படிக் கேட்பது என்பதுதான். இதற்கு ஆளாளுக்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். சிலர் ஒரே வரியில் கேட்கிறார்கள். சிலர் முழுப்பக்க நீளத்துக்கு ஒரு 'மாஸ்டர் பிராம்ப்ட்' (ஏஐக்குக் கொடுக்கும் கட்டளைக்குத்தான் பிராம்ப்ட் என்று பெயர்) எழுதி வாட்ஸ்அப் குழுவில் சுற்றுக்கு விடுகிறார்கள். சிலர் பாடநூல் பக்கத்தைப் படம்பிடித்துக் கொடுத்துவிட்டு உரையாடுகிறார்கள். இன்னும் சிலர், எண்ணிக்கையில் குறைவுதான், தங்கள் திட்டத்தைத் தாங்களே எழுதிவிட்டு அதில் ஓட்டை எங்கே என்று கேட்கிறார்கள்.

இந்த நான்கையும் பொதுவாகப் பேசினால் எல்லாமே நல்லதாகத்தான் தெரியும். அதனால் ஒரே ஒரு பாடத்தை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டு ஆறாம் வகுப்பு அறிவியல், முதல் பருவம், முதல் அலகு 'அளவீடுகள்'. அதற்குள்ளும் ஒரு சின்னப் பகுதி: ஒழுங்கான வடிவமில்லாத ஒரு கல்லை நீரில் போட்டு அதன் பருமனை, அதாவது அது அடைத்துக்கொள்ளும் இடத்தின் அளவை, கண்டுபிடிப்பது. அளவு ஜாடியில் 50 மி.லி நீர் இருக்கிறது, கல்லைப் போட்டதும் 68க்கு ஏறுகிறது, ஆகவே கல்லின் பருமன் 18 கன செ.மீ. கேட்க எளிது. நாற்பது நிமிடப் பீரியட், நாற்பது பிள்ளைகள், பள்ளியில் இருப்பது ஒரே ஒரு அளவு ஜாடி என்று வைத்துக்கொண்டால் அவ்வளவு எளிதில்லை.

முதல் வழி, ஒற்றை வரி. "ஆறாம் வகுப்பு அளவீடுகள் பாடத்துக்கு ஒரு பாடத்திட்டம் தயாரித்துக் கொடு." சில நொடிகளில் ஒன்றரைப் பக்கம் வந்துவிடும். நோக்கங்கள், தேவையான பொருட்கள், ஆர்வமூட்டல், குழுச் செயல்பாடு, முடிவில் 'வெளியேறும் சீட்டு', அதாவது வகுப்பு முடியும்போது பிள்ளைகள் எழுதித் தரும் சிறு விடை. படித்தால் குறை சொல்ல முடியாது. ஆனால் அது யாருடைய வகுப்பு என்று பாருங்கள். பெரும்பாலும் ஒரு மணி நேர வகுப்பு. ஒவ்வொரு குழுவுக்கும் தனித்தனி அளவு ஜாடி. சுவரில் சார்ட் ஒட்டிவிட்டுப் பிள்ளைகள் சுற்றி வந்து பார்ப்பதற்கு இடம். இந்தக் கருவிகள் படித்து வளர்ந்த எழுத்தில் ஆங்கிலம்தான் மிக அதிகம், பாடத்திட்ட மாதிரிகளில் அமெரிக்கப் பள்ளிகளின் பங்கு பெரிது. நாம் எதுவும் சொல்லாதபோது அது அந்தச் சராசரியைத்தான் எடுத்து நீட்டும். அளவு கொடுக்காமல் தைக்கச் சொன்ன சட்டை மாதிரி. துணியில் குறையில்லை, நம் பிள்ளைக்குத்தான் பொருந்தாது.

அதற்காக ஒற்றை வரியை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. திட்டம் கேட்காமல் யோசனை கேட்கும்போது அது நன்றாகவே உதவும். "பருமன் என்ற கருத்தைத் தொடங்க வீட்டில் நடக்கும் பத்து நிகழ்வுகள் சொல்" என்றால் ஏழு தேறாது, மூன்று தேறும். நிரம்பிய வாளிக்குள் சொம்பை அமிழ்த்தினால் நீர் வழிவது அந்த மூன்றில் ஒன்றாக இருக்கலாம். ஒரு நிமிடச் செலவுக்கு அது லாபம்தான். பாடத்திட்டமாக அதை நம்பக் கூடாது, அவ்வளவுதான்.

இரண்டாவது வழிதான் இன்று எல்லாப் பயிற்சிகளிலும் சொல்லித்தரப்படுவது. நீண்ட வார்ப்பு. யார், யாருக்கு, என்ன பாடம், எவ்வளவு நேரம், என்ன பொருள், எந்த வடிவம் என்று எல்லாவற்றையும் முதலிலேயே கொட்டிவிடுவது. இப்படி இருக்கும்:

"நீ தமிழ்நாட்டு அரசு நடுநிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியர். ஆறாம் வகுப்பு, 40 மாணவர்கள், 40 நிமிடம். பாடம்: ஒழுங்கற்ற பொருளின் பருமனை நீர் இடப்பெயர்ச்சி முறையில் காணுதல். கையிலிருப்பவை: 250 மி.லி அளவு ஜாடி ஒன்று, காலி தண்ணீர் பாட்டில்கள், ஊசி இல்லாத 10 மி.லி சிரிஞ்சுகள், நூல், கற்கள். ஆறேழு பேருக்குத் தமிழ் சரளமாக வாசிக்க வராது. அறிமுகம், படித்தல், மனவரைபடம், தொகுத்தல், வலுவூட்டல், மதிப்பீடு, குறைதீர் கற்பித்தல், தொடர்பணி என்ற தலைப்புகளில் எழுது. புரொஜெக்டர், இணையம் தேவைப்படும் எதுவும் வேண்டாம்."

இதில் எந்த வரி வேலை செய்கிறது, எந்த வரி அலங்காரம் என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 'நீ இன்னார்' என்ற முதல் வரிக்குத்தான் இணையத்தில் மரியாதை அதிகம். 'இருபது ஆண்டு அனுபவமுள்ள நல்லாசிரியர் விருது பெற்றவர்' என்றுகூடச் சேர்க்கிறார்கள். அது பேச்சின் தொனியைக் கொஞ்சம் மாற்றும். அனுபவத்தைக் கொண்டுவந்து சேர்க்காது. உண்மையில் வேலை செய்பவை பொருட்பட்டியலும், நேரமும், 'வேண்டாம்' என்று சொன்னவையும்தான். 'ஜாடி ஒன்று' என்ற இரண்டு சொல்லை எடுத்துவிட்டு அதே பிராம்ப்டைக் கொடுத்துப் பாருங்கள், ஜாடி மறுபடியும் குழுவுக்கு ஒன்றாகிவிடும்.

தலைப்புகளைச் சொல்லிவிடுவதும் பயன் தரும். சொல்லாவிட்டால் ஐந்து 'இ' மாதிரியிலோ ('இ' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் ஐந்து படிகள் கொண்ட பாட அமைப்பு) வேறு ஏதாவது ஆங்கில அமைப்பிலோ வரும். அதை நம் பள்ளிகளின் படைப்பாற்றல் கல்வி முறையின் படிநிலைகளுக்கு, அதாவது மேலே சொன்ன தலைப்புகளுக்கு, மாற்றி எழுத நமக்குத் தனியாக அரை மணி நேரம் போகும்.

ஆனால் இந்த வழிக்கு ஒரு குணம் உண்டு: கொடுத்த கட்டங்களையெல்லாம் நிரப்பிவிடும். மனவரைபடம் என்று தலைப்பு கொடுத்தால், அந்தப் பகுதிக்கு மனவரைபடம் தேவையோ இல்லையோ ஒன்று வந்து நிற்கும். நேரக் கணக்கு 5, 5, 8, 10, 7, 5 என்று கூட்டினால் சரியாக நாற்பது வரும். தாளில் வரும். எட்டு நிமிடத்தில் எட்டுக் குழுக்கள் ஒரே ஜாடியில் வரிசையாக அளந்து முடிக்கும் என்று அது எழுதியிருக்கும். ஒரு குழுவுக்கு ஒரு நிமிடம்! நூலில் கல்லைக் கட்டவே ஒரு நிமிடம் பத்தாது. மேலதிகாரி வந்து பார்த்தால் அந்தக் குறிப்பேடு அழகாகத்தான் இருக்கும். வகுப்பு நடந்திருக்குமா என்பது வேறு விஷயம்.

இன்னொன்று, பொருள் தேர்வு. 'வகுப்பறையில் கிடைக்கும் பொருட்களைக் கொண்டு' என்று கேட்டால், சாக்பீஸ், பென்சில், ரப்பர், கார்க் என்றெல்லாம் பட்டியல் வருவது சகஜம். கொஞ்சம் யோசித்தால் இதில் முக்கால்வாசி இந்தச் சோதனைக்கு ஆகாது. பென்சிலும் கார்க்கும் மிதக்கும். மிதக்கும் பொருள் தன் முழுப் பருமனுக்கு நீரை இடம்பெயர்க்காது. சாக்பீஸ் நீரை உறிஞ்சும், குமிழி குமிழியாக விடும், அளவு தப்பும். கற்கண்டு கொடுத்தால் கரைந்துவிடும். இதையெல்லாம் ஏஐக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. தனியாகக் கேட்டால் ஒவ்வொன்றுக்கும் காரணத்தோடு சொல்லும். பக்கம் பக்கமாகத் திட்டம் எழுதும் வேகத்தில் தானாக அதை யோசிப்பதில்லை. இந்த ஒரு இடம்தான் எனக்கு மூன்றாவது வழியின் பக்கம் சாய்வு வரக் காரணம்.

அதற்குமுன் இரண்டாவது வழிக்கு உரிய இடத்தைக் கொடுத்துவிடுகிறேன்: பயிற்சித்தாளும் வினாத்தாளும். அங்கே வார்ப்பை மிஞ்ச எதுவும் இல்லை. ஒருமுறை நன்றாக எழுதி வைத்துக்கொண்டால் பாடத்தின் பெயரை மட்டும் மாற்றி ஆண்டு முழுக்க ஓட்டலாம். வார்ப்போடு நீங்களே எழுதிய இரண்டு வினாக்களையும் மாதிரியாகச் சேர்த்துவிடுங்கள். இவ்வகை ஏஐ கருவிகள் ஒன்றிரண்டு எடுத்துக்காட்டைப் பார்த்து அதே பாணியைப் பிடித்துக்கொள்ளும் என்பது, சாட்ஜிபிடிக்கு முன்னோடியான ஜிபிடி 3 வெளிவந்த 2020லேயே ஆராய்ச்சிக் கட்டுரையாக வந்துவிட்டது. "உயர்நிலைச் சிந்தனை வினா கொடு" என்று விளக்குவதைவிட, "ஜாடியில் 40 மி.லி நீர் இருந்தது. கவிதா ஒரு கல்லைப் போட்டதும் பாதிக் கல் நீருக்கு வெளியே நின்றது. அளவு 52 காட்டியது. கல்லின் பருமன் 12 கன செ.மீ என்று எழுதினாள். சரியா? ஏன்?" என்று ஒரு மாதிரியைக் காட்டுவது பலமடங்கு பயன் தரும். மாதிரி இல்லாமல் கேட்டால், 1956இல் கல்வியாளர் புளூம் போட்ட சிந்தனை அடுக்குகளின் பெயரையெல்லாம் தலைப்பாகப் போட்டுவிட்டு, உள்ளே 'பருமன் என்றால் என்ன, வரையறு' என்றே கேட்டு வைக்கும்.

மூன்றாவது வழி, பாடப் பக்கத்தைக் கொடுத்துப் படிப்படியாகப் பேசுவது. இதற்கு முதல் தடை நம்முடைய பாடநூல் பிடிஎஃப். பலவற்றில் எழுத்துரு பழைய வகை. நகலெடுத்து ஒட்டினால் தமிழுக்குப் பதில் ஏதோ கோழிக் கிறுக்கல் வரும். அதைப் பிராம்ப்டில் ஒட்டுவதில் பயனில்லை. பக்கத்தைப் படம்பிடித்துப் போடுவதுதான் நல்லது. படத்திலிருந்து தமிழை வாசிக்கும் திறன் இப்போது ஓரளவு நன்றாகவே இருக்கிறது. இருந்தாலும் "இந்தப் பக்கத்தில் உள்ள கலைச்சொற்களை மட்டும் பட்டியலிடு" என்று முதலில் கேட்டுவிடுங்கள். சரியாக வாசித்திருக்கிறதா என்று அதிலேயே தெரிந்துவிடும்.

அப்புறம் திட்டம் கேட்கக் கூடாது. முதல் கேள்வி இதுதான்: "இந்தப் பகுதியைப் படிக்கும் 11 வயதுப் பிள்ளைகள் எதைத் தவறாகப் புரிந்துகொள்வார்கள்? ஐந்து சொல். ஒவ்வொன்றையும் பிள்ளை சொல்வதுபோலவே எழுது." வரும் ஐந்தில் ஒன்று ஏறக்குறைய நிச்சயமாக இதுவாக இருக்கும்: கனமான கல்தான் தண்ணீரை அதிகமாக ஏற்றும். ஆறாம் வகுப்பெடுத்த எவருக்கும் இது தெரியும். நிறையையும் பருமனையும் பிள்ளைகள் ஒன்றாகவே நினைக்கிறார்கள், பெரியவர்களிலும் பலர் அப்படித்தான். மற்ற நான்கில் ஜாடியின் அளவை மேலிருந்து பார்த்து எடுப்பது, அதாவது இடமாறு தோற்றப் பிழை, ஒன்றாக இருக்கலாம். கல்லைப் போட்ட பிறகு வந்த 68ஐயே விடையாக எழுதிவிடுவதும் ஒன்று.

இந்த இடத்தில் ஆசிரியர் முடிவெடுக்கிறார். நாற்பது நிமிடத்தில் இந்த ஐந்தையும் சரிசெய்ய முடியாது. நான் கனமான கல் விஷயத்தைத்தான் எடுப்பேன். அதை இப்போது உடைக்காவிட்டால் அடுத்த ஆண்டு அடர்த்தி வரும்போது சுவர்போல நிற்கும். வேறொரு ஆசிரியர் இடமாறு தோற்றப் பிழையை எடுக்கலாம். இரண்டும் சரி. வார்ப்பு வழியில் இந்தத் தேர்வே நம் கைக்கு வராது. ஐந்தையும் தொட்டுவிட்டு எதிலும் நிற்காத திட்டம் வந்துவிடும்.

அடுத்த கேள்வி: "கனமான பொருள்தான் நீரை அதிகம் ஏற்றும் என்ற எண்ணத்தை உடைக்க, இந்தப் பொருட்களை வைத்து மூன்று செயல்பாடுகள் சொல். ஒவ்வொன்றும் வகுப்பில் எங்கே சொதப்பும் என்பதையும் சொல்." இரண்டாவது வாக்கியத்தை விடாதீர்கள். சாக்பீஸ் விவகாரம் தானாக வெளிவருவது இங்கேதான். ஒரே அளவுள்ள இரண்டு பொருட்கள், எடை மட்டும் வேறு என்ற பாதையில் அது போகும். அதிலிருந்து நாம் நமக்கு ஏற்றதாக ஒன்றைச் செதுக்கிக்கொள்ளலாம். வீட்டில் தீர்ந்துபோன மருந்தின் சிறு கண்ணாடிக் குப்பிகளை நன்றாகக் கழுவி எடுத்துக்கொள்ளலாம். ஒரே அளவில் இரண்டு. ஒன்றில் விளிம்புவரை நீர், மற்றதில் ஆணியோ ஈரமணலோ அடைத்து மூடினால் இரண்டுமே நீரில் மூழ்கும், ஒன்று மற்றதைவிடத் தெளிவாகக் கனம். இரண்டையும் பிள்ளைகள் கையில் கொடுத்துத் தூக்கிப் பார்க்கச் சொல்லிவிட்டு, எது நீரை அதிகம் ஏற்றும் என்று நோட்டில் எழுதவைத்துவிட்டுத்தான் போட வேண்டும். எழுதாமல் போட்டால் 'எனக்கு முன்னாடியே தெரியும் சார்' என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள்.

ஒரே ஜாடி என்ற சிக்கலையும் இப்படியே தனிக் கேள்வியாகக் கேட்கலாம். பாட்டிலில் ஸ்கேலை ஒட்டி அளக்கச் சொல்லும் யோசனை வரக்கூடும். அது உயரம் காட்டும், பருமன் காட்டாது. "ஸ்கேல் செ.மீ தானே காட்டும், மி.லி எப்படி வரும்?" என்று திருப்பிக் கேட்டால் சிரிஞ்சால் பத்துப் பத்து மி.லியாக ஊற்றி, வெளியே ஒட்டிய காகிதத்தில் கோடு போடும் வழிக்கு வரும். பாட்டிலின் அடிப்பகுதி மேடுபள்ளமாக இருப்பதால் கோடுகள் அங்கே சீராக விழாது. நேராக இருக்கும் பகுதிவரை முதலில் நீரை ஊற்றி, அதைத் தொடக்கக் கோடாக வைத்துக்கொண்டு மேலே போனால் போதும். எட்டுக் குழுவுக்கு எட்டு ஜாடி தயார். அளவீடுகள் பாடத்தில் பிள்ளைகளே ஒரு அளவுகருவியைச் செய்துவிட்டார்கள் என்பது உபரி. உண்மையில் அதற்கே ஒரு பீரியட் தேவை, அதனால் இது இரண்டு வகுப்பாகப் பிரியும். இதையும் ஏஐ சொல்லாது, நாம்தான் சொல்ல வேண்டும்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் "இப்போது இதை 40 நிமிடத் திட்டமாக எழுது" என்று கேட்பது. அதற்குள் உரையாடலிலேயே பாதித் திட்டம் உருவாகியிருக்கும். "படத்தில் உள்ள பாடப்பகுதியில் இல்லாத எதையாவது சேர்த்தால் அதைத் தனியாகக் குறித்துக் காட்டு" என்ற வரியையும் போட்டால் சரிபார்ப்பது சுலபம்.

இந்த வழியின் விலை நேரம். வார்ப்பு இரண்டு நிமிடம் என்றால் இது இருபது நிமிடமாவது கேட்கும், கைபேசியில் தட்டச்சு செய்பவருக்கு இன்னும் அதிகம். வாரத்துக்கு இருபத்தைந்து பீரியட் எடுக்கும் ஒருவர் எல்லாவற்றுக்கும் இதைச் செய்ய முடியாது. செய்யவும் வேண்டாம். ஒரு அலகுக்கு ஒரு இடத்தில், பிள்ளைகள் வழக்கமாக முட்டிக்கொள்ளும் இடத்தில் செய்தால் போதும்.

நான்காவது வழி, நாமே ஐந்தாறு வரியில் திட்டத்தை எழுதிக் கொடுத்துவிட்டு விமர்சிக்கச் சொல்வது. "1. இரண்டு குப்பிகளைத் தூக்கிப் பார்த்தல். 2. கணிப்பு எழுதுதல். 3. நான் ஜாடியில் போட்டுக் காட்டுவது. 4. ஏன் என்று குழுவில் பேசுதல். 5. கல் அளத்தல், கணக்கு. 6. மூன்று வினா." இவ்வளவுதான். பத்தாண்டு பாடம் எடுத்தவர் இதைப் பேருந்திலேயே எழுதிவிடுவார்.

இதில் பிராம்ப்ட் எப்படி எழுதுகிறோம் என்பது மற்ற வழிகளைவிட முக்கியம். "இது எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் "மிகச் சிறப்பான திட்டம்!" என்று தொடங்கி, இரண்டு பத்தி பாராட்டிவிட்டு, 'மேலும் ஈடுபாட்டை அதிகரிக்கலாம்' என்று முடித்துவிடும். கேட்பவர் மனம் கோணாமல் பேசும் பழக்கம் இந்தக் கருவிகள் எல்லாவற்றுக்கும் உண்டு. எனவே கேள்வியையே மாற்ற வேண்டும்: "இந்த வகுப்பு இருபத்தைந்தாவது நிமிடத்தில் குழம்பிப் போனது என்று வைத்துக்கொள். காரணம் என்னவாக இருந்திருக்கும்? மூன்று சொல். பாராட்டு வேண்டாம்." இப்படிக் கேட்டால் பின்வரிசைப் பிள்ளைகளுக்கு ஜாடியின் கோடு தெரியாது, மூன்றாவது படியில் நாற்பது பேரும் சும்மா வேடிக்கை பார்க்கிறார்கள், நான்காவது படியில் 'ஏன்' என்று பேசப் பிள்ளைகளிடம் சொற்கள் இல்லை என்ற மாதிரி பதில்கள் வரும். கடைசிப் பதில் என்னளவில் தங்கம். 'இடம் அடைத்துக்கொள்கிறது' என்ற எளிய தொடரைக் கரும்பலகையில் எழுதிவைத்துவிட்டால் குழுப்பேச்சு நகரும்.

இன்னொரு வகையாகவும் கேட்கலாம்: "நீ வாசிக்கத் தடுமாறும் ஒரு பிள்ளை. இந்த வகுப்பில் உனக்கு எங்கே விட்டுப்போகும்?" இது கொஞ்சம் நாடகத்தனமாகத் தெரியும். ஆனாலும் 'நீ நல்லாசிரியர்' என்ற வேடத்தைவிட இந்த வேடம் அதிகம் பயன்படுகிறது. ஆசிரியர் நாம் இருக்கிறோம், இல்லாதது பிள்ளைதான்.

நான்காவது வழியின் பலவீனமும் வெளிப்படை. எழுத நம்மிடம் ஏதாவது இருக்க வேண்டும். பணியில் சேர்ந்த முதல் ஆண்டில் இருப்பவருக்கும், ஆள் பற்றாக்குறையால் தன் பாடமில்லாத பாடத்தை எடுக்க நேர்ந்தவருக்கும் அந்த ஆறு வரி சுலபமாக வராது. அவர்களுக்கு மூன்றாவதுதான்.

மொழியையும் இங்கே முடிவு செய்தாக வேண்டும். தமிழில் கேட்பதா, ஆங்கிலத்திலா, தங்கிலீஷிலா? ஆங்கிலத்தில் கேட்டால்தான் பதில் நன்றாக வரும் என்ற பேச்சுக்கு ஒருகாலத்தில் நியாயம் இருந்தது. இந்தக் கருவிகள் எழுத்தை டோக்கன் எனும் துண்டுகளாக வெட்டித்தான் படிக்கின்றன. தமிழுக்கு அந்த வெட்டு மிக மோசமாக இருந்தது. சாட்ஜிபிடியின் புதிய பதிப்பான ஜிபிடி 4ஓ 2024 மே மாதம் வந்தபோது, அதை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனம் கொடுத்த எடுத்துக்காட்டில், முன்பு 116 டோக்கன் பிடித்த ஒரு தமிழ் வாசகம் 35இல் அடங்கியது. இலவசக் கணக்கில் வரம்புக்குள் ஓட்டும் நமக்கு அது சின்ன விஷயமல்ல. இன்றைக்கு, எந்த மொழியில் கேட்டால் உங்களுக்குத் தடையில்லாமல் விவரம் வருகிறதோ அதில் கேளுங்கள். தங்கிலீஷும் அதற்குப் புரிகிறது. ஆனால் பிள்ளைகளுக்குப் போகும் எதையும் நேராகத் தமிழிலேயே எழுதச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் வாங்கி மொழிபெயர்க்கச் சொன்னால் வாசிக்கவே முடியாத ஒரு தமிழ் வரும்.

கலைச்சொல்லில் மட்டும் கவனம் தேவை. தமிழ்நாட்டுப் பாடநூலில் நிறை, எடை என்று இருப்பவை இலங்கைப் பாடநூலில் திணிவு, நிறை. அதாவது 'நிறை' என்ற ஒரே சொல் இரண்டு இடத்திலும் வேறு வேறு அளவைக் குறிக்கிறது. ஏஐ படித்திருக்கும் தமிழில் இரண்டும் கலந்து கிடக்கின்றன. அளவீடுகள் பாடத்தில் இது கலந்தால் கருத்தே தலைகீழாகிவிடும். "படத்தில் உள்ள பக்கத்தின் சொற்களை மட்டும் பயன்படுத்து" என்ற வரி இதற்காகவே. ஒற்றை வரி வழி தோற்கும் இன்னொரு இடமும் இது.

எந்தக் கருவி என்ற கேள்விக்கு நான் அதிகம் மெனக்கெட மாட்டேன். சாட்ஜிபிடி, ஜெமினி, கோபைலட் எல்லாமே இந்த வேலைக்குப் போதும், மாதத்துக்கு மாதம் மாறிக்கொண்டும் இருக்கின்றன. ஆசிரியர்களுக்கென்றே வந்த மேஜிக்ஸ்கூல் போன்றவை படிவம் கொடுத்து நிரப்பச் சொல்கின்றன. உள்ளே நடப்பது நம்முடைய இரண்டாவது வழிதான், பிராம்ப்டை அவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அமெரிக்கப் பாடத் தரநிலைகளை மனத்தில் வைத்து உருவானவை என்பதால் நம் பாடநூலோடு ஒட்டவைக்கும் வேலை நமக்கு மிச்சம் இருக்கும்.

பிள்ளைகளின் பெயர், எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் தரவுத்தளத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் உள்ள எண்), பெயரோடு கூடிய மதிப்பெண் பட்டியல் எதையும் உள்ளே போடக் கூடாது. 'வாசிக்கத் தடுமாறும் ஆறேழு பேர்' என்றால் போதும், யார் என்று அதற்குத் தெரிய வேண்டியதில்லை. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்ட எல்லோரையும் குழந்தை என்றே வரையறுக்கிறது. வகுப்பில் பிள்ளைகளையே தட்டச்சு செய்யவைக்கலாமா என்றால், அதே ஆண்டு செப்டம்பரில் யுனெஸ்கோ வெளியிட்ட வழிகாட்டுதல் குறைந்தபட்ச வயது 13 என்று பரிந்துரைத்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்த வயது ஆகவில்லை. திட்டமிடும் வேலைக்கு ஏஐ ஆசிரியர் கையில் மட்டும் இருந்தால் போதும்.

தொடக்கநிலை ஆசிரியர்களுக்குக் கணக்கு வேறு. 2022இல் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கி, பிறகு நான்கு, ஐந்துக்கும் விரிந்த, தமிழ்நாடு அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் ஆசிரியர் கையேடே நாள்வாரியாகச் செயல்பாடுகளைச் சொல்லிவிடுகிறது. அங்கே ஏஐயிடம் பாடத்திட்டம் கேட்பது இரட்டை வேலை. அந்தத் திட்டம் பிரிக்கும் அரும்பு, மொட்டு, மலர் என்ற கற்றல் நிலைகளில், முதலான அரும்பு நிலையில் நிற்கும் பிள்ளைக்கு அதே எழுத்தில் இன்னும் பத்துச் சொற்கள், மலர் நிலைப் பிள்ளைக்கு ஒரு குட்டிக் கதை என்று கூடுதல் பயிற்சி கேட்கலாம். மாதிரி ஒன்றிரண்டு கொடுத்த வார்ப்பு அதற்குச் சரியாக இருக்கும்.

ஆக என் தேர்வு இப்படி விழுகிறது. பயிற்சித்தாள், வினாத்தாள், கூடுதல் பயிற்சிக்கு வார்ப்பு. அலகில் பிள்ளைகள் முட்டிக்கொள்ளும் ஒரு பகுதிக்குப் பாடப்பக்கத்தோடு படிப்படியான பேச்சு. கைவந்த பாடங்களுக்கெல்லாம் ஆறு வரித் திட்டமும், 'எங்கே குழம்பும்' என்ற கேள்வியும். ஒற்றை வரிக்குத் தொடக்க யோசனை தவிர வேறு வேலையில்லை. இளம் ஆசிரியர் ஒருவர் இதில் ஒன்றே ஒன்றைப் பழகுவதாக இருந்தால் மூன்றாவதைச் சொல்வேன். ஓராண்டு அப்படிக் கேட்டுப் பழகினால், பிள்ளைகள் எங்கே தவறுவார்கள் என்பதை ஏஐ இல்லாமலே எழுதத் தெரிந்துவிடும், அப்போது நான்காவதுக்கு மாறிக்கொள்ளலாம்.

எதில் வந்த திட்டமானாலும் செயல்பாட்டை முந்தைய நாளே ஒருமுறை செய்து பார்த்துவிட வேண்டும். குப்பி ஜாடிக்குள் நுழையுமா, மூடி கசிகிறதா, ஆணி நிரப்பிய குப்பிக்குள் காற்று அடைபட்டு அது சாய்ந்து நிற்கிறதா என்பதெல்லாம் எந்த உரையாடலிலும் வராது.

குறிப்பேட்டு வடிவத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். தலைப்புகளை முதலிலேயே கொடுத்தால் அது கட்டங்களை நிரப்பத் தொடங்கிவிடும் என்று பார்த்தோம். திட்டம் உறுதியான பிறகு அதே உரையாடலில் "இதை அறிமுகம், படித்தல், மனவரைபடம் முதலான தலைப்புகளில் மாற்றி எழுது, புதிதாக எதையும் சேர்க்காதே, பொருந்தாத தலைப்பை வெற்றாக விடு" என்று கேட்டால் குறிப்பேட்டுக்கு வேண்டியது கிடைக்கும். வெற்றாக வந்த தலைப்பை என்ன செய்வது என்பது உங்கள் பள்ளியின் தலைமையாசிரியரைப் பொறுத்தது.